கிராமத்துக்கு ஒரு கொல்லுலை

சாகுபடியின் பலன் மழையைப் பொறுத்தது என்பது யாவரும் அறிந்ததே. மழை பெய்த மறுநாள் கலப்பையின் கொழு கூராக இருந்ததா, மழுங்கிக் கிடந்ததா என்பதையும் அப்பலன் பெரிதும் பொறுத்துள்ளது என்பதைக் குடியானவர்களில் பலர் போதிய அளவு கவனிப்பதில்லை. தருமபுரி ஜில்லா காரிமங்கலம் வட்டாரத்துப் புஞ்சை நிலங்கள் பெரும்பாலும் செம்மண் நிலங்கள். வெங்கச்சங்கற்களும் சரளையும் கலந்தவை. மழை பெய்தவுடன் இம்மண் இளகி உழவுக்கு இடங்கொடுக்கும். சில நாள் வெயில் காய்ந்தால் இறுகி ஓடுபோல் ஆகிவிடும். ராகி, சாமை, நிலக்கடலை முதலிய மானாவாரிப் பயிர்களை விதைப்பதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் அச்சில நாட்களே. அந்நாட்களில் கொழு தேய்ந்துபோனால், குடியானவன் அதனைத் தூக்கிக்கொண்டு பட்டறை தேடி வேற்றூருக்கு அலைய வேண்டியவனாகிறான். அவன் திரும்பி வருவதற்குள் நிலத்தின் ஈரம் போய்விடுகிறது.

டிராக்டர் வந்தபின் இக்குறை நீங்கிவிட்டது என்று கருதுவதற்கில்லை. டிராக்டர்க் கலப்பையின் கொழுக்களும் அதே வெங்கச்சங்கல்லில் உரசியே தேய்கின்றன. களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை, கதிரரிவாள், கோடரி ஆகியவை இன்றி எந்தக் குடும்பமும் சாகுபடி செய்துவிட முடியாது. முற்காலத்தில் ஊர்க்கொல்லர் வருஷம் முழுவதும் ஊராருடைய கருவிகளைக் காய்ச்சி அடித்துக் கொடுத்து, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தமக்குரிய தானியத்தைப் பெற்றுவந்தார். ரொக்கக் கூலி வழக்கத்துக்கு வந்து, ஆலையில் செய்த கருவிகள் கடைகளில் மலிந்தபின் அவ்வேற்பாடு தளர்ந்துபோயிற்று. இப்பொழுது சில ஊர்களில் முதியவர் ஒருவரே பட்டறையை நடத்திவருகிறார். அவர் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். வேறு சில ஊர்களில் உலை அணைந்தே போயிற்று.

உலை ஒன்றை அமைப்பதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் கிராமத்திலேயே கிடைக்கக்கூடியவை. தொடக்க வேலைகளைக் கற்பதும் அரிய காரியமன்று. அரிதாகிவருவது கற்றுக்கொடுக்கக்கூடிய கைகளே. ஆகவே முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் உலையை மூட்டிவிடுவது உசிதம். அதற்குரிய முறைகளைச் சுருக்கமாகக் கீழே கூறுவோம்.

இந்நாட்டில் இரும்புத் தொழிலின் பழமை

இரும்பு இப்பகுதிக்குப் புதியதன்று. கிருஷ்ணகிரி ஜில்லா மயிலாடும்பாறையில் நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைப் பரிசோதித்ததில், அவ்விடத்து இரும்பின் காலம் கிறிஸ்துவுக்கு முன் 2172 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்டது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமானுடைய வேல்கள் நுனி சிதைந்து கொல்லனது சிறு கொட்டிலிலேயே கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் கூறுகிறார். அது பழிப்பன்று, புகழ்ச்சி. உழைக்கும் கருவி அடிக்கடி கொல்லனிடம் போய்த்தான் தீரும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

சேலம் ஜில்லாவிலும், பாராமகால் என்று வழங்கிய நமது பகுதியிலும், ஓடைகளில் மழைநீர் கொண்டுவந்து சேர்க்கும் கருமணலை அரித்தெடுத்து, மண்ணால் கட்டிய உலையில் மரக்கரியுடன் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்துவந்தனர். தென்னிந்திய எஃகின் சிறப்பைக் கேள்வியுற்ற ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1819 ஆம் வருஷம் அதனைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலம் ஜில்லாவின் இரும்புத் தாதுவை நம்பி 1830 ஆம் வருஷம் பரங்கிப்பேட்டையில் பெரியதோர் இரும்பாலையை நிறுவினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் வேலை இன்று கிராமத்துக்கு அவசியமில்லை; பழைய இரும்பு எங்கும் கிடைக்கிறது. ஆனால் மண்ணும் கரியும் காற்றும் கொண்டே இரும்பை இளகச் செய்யலாம் என்ற அவ்வுண்மை இன்றும் மாறவில்லை. நாம் அமைக்கப்போகும் உலையும் அம்மூன்றையே ஆதாரமாகக் கொண்டது.

பட்டறைக்குரிய இடம்

கொட்டகை 10 அடி அகலமும் 12 அடி நீளமும் இருந்தால் போதும். கூரை தகரமாகவோ ஓடாகவோ இருக்கவேண்டும். கீற்றும் புல்லும் எக்காரணத்தைக் கொண்டும் கூடா. இறவாரம் 8 அடிக்குக் குறையாமலும், இரண்டு பக்கங்கள் திறந்தும் இருப்பது நலம். கரிநெருப்பிலிருந்து வாசனையற்ற நச்சுவாயு வெளிப்படுவதால், அடைத்த அறையில் உலை மூட்டுவது உயிருக்கு அபாயம். வைக்கோற்போரும் மாட்டுக் கொட்டிலும் காற்று வீசும் திசையில் அருகே இருக்கலாகாது. ஆடிக் காற்றில் பொறி வெகுதூரம் செல்லும். உள்ளே நிழல் இருக்கவேண்டும். காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்யவேண்டியிருப்பதால், நேர் வெயிலில் உலை வைத்தவன் நிறத்தை அறியாமல் இரும்பை எரித்துவிடுவான். தரை மண்தரையாக இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் செங்காய்ந்த இரும்பு விழுந்தால் சில்லுகள் தெறித்துக் கண்ணில் படும்.

உலை அமைக்கும் முறை

பச்சைச் செங்கல்லும் சேறும் கொண்டு 3 அடிச் சதுரத்தில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மேடை கட்டவேண்டும். மேடையின் பின்புறம் 1 அடி உயரத்துக்கு ஒரு சிறு சுவர் எழுப்பவேண்டும். சுவரை ஒட்டி மேடையில் 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 5 அங்குல ஆழமும் உள்ள குழியை விடவேண்டும். இதுவே உலைக்குழி. நெருப்புப் படும் இடத்தில் ஆற்றுக்கல்லும் கருங்கல்லும் வைக்கலாகாது. அவற்றினுள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்.

குழியின் உட்புறத்தில் 3 அங்குலக் கனத்துக்கு மண்பூச்சு வேண்டும். இதற்குக் கறையான் புற்றுமண்ணே மிகச் சிறந்தது. புற்றுமண் இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு சேர்த்து, நீர் விட்டு மிதித்து, ஒருநாள் புளிக்கவைத்துப் பூசவேண்டும். பூசியபின் நிழலில் நாலைந்து நாட்கள் உலரவிட்டு, பிறகு சிறு சுள்ளிகளால் அரைநாள் மெதுவாக எரிக்கவேண்டும். அவசரப்பட்டு முதல்நாளே பெருநெருப்பு மூட்டினால் பூச்சு வெடித்துக் கழன்றுவிடும். காணும் வெடிப்புகளை அதே சேற்றால் அடைத்துக்கொள்ளலாம்.

காற்று உள்ளே புகும் குழாய்க்கு உலைமூக்கு என்று பெயர். 1 அங்குல உள்விட்டமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள கனத்த இரும்புக் குழாய் இதற்கு ஏற்றது. துத்தநாகப் பூச்சுள்ள வெள்ளைக் குழாயை உபயோகிக்கலாகாது. அப்பூச்சு சூட்டில் புகைந்து, அதனைச் சுவாசித்தவனுக்குக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும். குழாயின் நுனிக்குப் புற்றுமண் பூசிப் பின்சுவரின் வழியே குழிக்குள் செலுத்தவேண்டும். மூக்கின் நடுப்பகுதி குழியின் அடியிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில் இருக்கவேண்டும். இந்த அளவைக் குறைக்கலாகாது. கரியிலும் இரும்பிலும் உள்ள அழுக்கு உருகிக் கிட்டமாகி அடியில் தங்கும். மூக்கு அடியிலேயே இருந்தால் கிட்டம் அதனை அடைத்துவிடும்.

காற்றுக்கு முற்காலத்தில் இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளை மாறிமாறி அமுக்கினர். இப்பொழுது கையால் சுற்றும் சக்கர ஊதியோ, சிறு மின்சார ஊதியோ போதும். கை ஊதியே தொடங்குவோர்க்கு நல்லது. மின்சார ஊதி ஓயாது ஊதிக்கொண்டே இருப்பதால் கரியும் வீணாகும், கவனம் தப்பிய கணத்தில் இரும்பும் எரிந்துபோகும். மின்சார ஊதியை உபயோகிப்பவர்கள் குழாயில் ஒரு தகட்டுக் கதவு அமைத்துக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்துகொள்ளவேண்டும். ஊதியின் வாயையும் உலைமூக்கையும் இறுகப் பொருத்தாமல் விரற்கடை இடைவெளி விடுவது அவசியம். காற்று நின்றபோது உலையின் வாயு பின்னோக்கிக் குழாயினுள் புகுந்து தங்கும். இடைவெளி இல்லையேல் மறுபடி ஊதும்போது அது வெடிக்கக்கூடும்.

மண்மேடை கட்ட வசதியில்லாதவர்கள் லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்றை இரும்புக் கால்களில் நிறுத்தி, அடிப்புறத்திலிருந்து காற்று வரும்படி குழாய் பொருத்தியும் உலை செய்துகொள்ளலாம். அதன் அடியில் சாம்பல் விழுவதற்கு ஒரு மூடி வேண்டும். ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல இது வசதியானது. கரிச் செலவு மட்டும் சற்று அதிகம்.

வேண்டிய கருவிகள்

அடைகல், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கட்டி, பட்டறையின் உயிர்நிலை. வார்ப்பு எஃகினாலான புதிய அடைகல் விலை மிகுந்தது. பழைய இரும்புக்கடைகளில் 30 கிலோவுக்குக் குறையாத கனத்த எஃகுக் கட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தால் தொடக்கத்துக்குப் போதும். தண்டவாளத் துண்டு நன்கு உதவும். ஆயினும் இரயில்வே சொத்தை உரிய ஆதாரமின்றி வைத்திருப்பது 1966 ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாதலால், ரசீது இல்லாத துண்டை ஒருபோதும் வாங்கலாகாது. அடைகல்லைப் புளியமரத்தின் அடிக்கட்டையில் பதித்து, கட்டையை நிலத்தில் 2 அடி ஆழம் புதைக்கவேண்டும். நின்றுகொண்டு வேலை செய்பவன் கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரற்கணுக்கள் அடைகல்லின் முகத்தைத் தொடவேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் தோளும், தாழ்ந்தால் இடுப்பும் வலிக்கும்.

இவற்றுடன் 1 கிலோச் சுத்தியல் ஒன்று, 4 கிலோச் சம்மட்டி ஒன்று, தட்டை வாயும் வட்ட வாயும் உள்ள பற்றுக்குறடுகள் இரண்டு, வெட்டிரும்பு ஒன்று, அரம் ஒன்று, நீர்த்தொட்டி ஒன்று, மூடியுள்ள எண்ணெய்ப் பாத்திரம் ஒன்று ஆகியவை இருந்தால் பட்டறை நடக்கும்.

கரி

மரக்கரியே நமது கொல்லர்கள் கையாண்டுவந்தது. அதில் கந்தகம் இல்லாமையால் இரும்பு கெடுவதில்லை. சீமைக்கருவேலங்கரி கனமானது, நின்று எரியும். காரிமங்கலம் பக்கத்தில் தென்னை சாகுபடி மிகுந்திருப்பதால் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் செய்துகொள்ளலாம். அது மிகுந்த சூட்டைத் தரும். கரியை நெல்லிக்காயளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிட்டு உபயோகிக்கவேண்டும். பெருந்துண்டுகளின் இடையே காற்று வீணாய்ப் போகும். தூளோ காற்றை அடைக்கும். நெருப்பின் ஓரங்களில் அவ்வப்போது நீர் தெளித்துவந்தால் நெருப்பு நடுவிலேயே நின்று கரி மிச்சமாகும்.

இரும்பின் வகை அறிதல்

புதிதாய்த் தொழில் தொடங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். எல்லா இரும்பும் ஒன்றன்று. கரிச்சத்து மிகக் குறைந்த மெல்லிரும்பு எளிதில் வளையும். எவ்வளவு துவைச்சல் இட்டாலும் கூர் நில்லாது. வீடு கட்டும் கம்பிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. கரிச்சத்து நடுத்தரமாகவும் மிகுதியாகவும் உள்ளது எஃகு. லாரியின் வில்பட்டைகள் இவ்வகையின. களைக்கொத்துக்கும் அரிவாளுக்கும் இவையே ஏற்றவை. மூன்றாவது வார்ப்பிரும்பு. இதனைக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிப்போகும், உலைவேலைக்கு உதவாது.

வகையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான இரும்பின் ஒரு முனையைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்து, ஆறியபின் அரத்தால் இழுத்துப் பார்க்கவேண்டும். அரம் வழுக்கினால் அது எஃகு. அரம் பற்றி அராவினால் மெல்லிரும்பு. வில்பட்டையில் கீறலோ வெடிப்போ இருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கிவிடவேண்டும். உலையில் காய்ச்சுவதனால் வெடிப்பு கூடாது.

நெருப்பும் நிறமும்

உலைக்குழியில் தேங்காய் நாரும் சிறு சிராய்களும் இட்டுக் கொளுத்தி, மெல்ல ஊதி, கரியைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். குழி நிறைந்து மேலே ஒரு சாண் குவிந்த நெருப்பே வேலைக்குரிய நெருப்பு. இரும்பை அதில் படுக்கையாகச் செருகவேண்டும். இரும்புக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலக் கரியும், மேலே மூடும்படி சிறிது கரியும் இருக்கவேண்டும். மூக்கின் நேர் எதிரே இரும்பை வைக்கலாகாது. அங்கே புதுக்காற்று இன்னும் கரியுடன் சேர்ந்து செலவாகாமல் இருக்கிறது. அது இரும்பையே எரித்துச் செதிளாக்கிவிடும்.

சூட்டை அளக்கும் கருவி நிறமே. மங்கிய செந்நிறம் தோன்றும்போது சூடு சுமார் 600 முதல் 700 டிகிரி சென்டிகிரேட். அடிப்பதற்கு இது போதாது. நல்ல சிவப்பு சுமார் 800 டிகிரி. பழுத்த ஆரஞ்சு நிறம் சுமார் 950 டிகிரி. மஞ்சள் நிறம் 1,100 டிகிரிக்கு மேற்பட்டது. ஆரஞ்சிலிருந்து மஞ்சள் வரையுள்ள நிலையே அடிப்பதற்கு உகந்தது. வெண்ணிறமாகி மத்தாப்புப்போல் பொறி சிந்தினால் இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். எரிந்த பகுதியைத் திருத்த வழியில்லை, வெட்டி எறியவேண்டும். அடிக்கும்போது நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கிய உடனே நிறுத்தி மீண்டும் உலையில் வைக்கவேண்டும். ஆறிய எஃகைப் பலவந்தமாய் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அக்கீறல் வயலில் கருவி உடையும்போதே வெளிப்படும்.

தொடக்க வேலைகள்

முதல் வாரத்தில் மெல்லிரும்புக் கம்பியைக் கூராக்கவும், வளைக்கவும், தட்டையாக்கவும் பழகவேண்டும். கம்பியின் முனையைச் சதுரமாக அடித்து, பிறகு எண்பட்டையாக்கி, கடைசியில் வட்டமாக்குவதே முறை. முதலிலேயே வட்டமாக அடிக்க முயன்றால் நடுவில் பிளவு விழும். கொக்கிகள், முளைகள், உலைக்கோல் ஆகியவற்றை இவ்வாறு செய்யலாம். சுத்தியலைத் தோளிலிருந்து தூக்கி, தன் கனத்தாலேயே அது விழும்படி விடவேண்டும். பிடியை இறுக்கிப் பிடிப்பவனுக்கு ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, நாட்டுக் கலப்பையின் கொழுவைக் கூர்மையாக்குதல். கொழுவின் நுனியில் 4 அங்குலம் வரை ஆரஞ்சு நிறமாகக் காய்ச்சி, அடைகல்லின் ஓரத்தில் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் கால் சுற்றுத் திருப்பி நீட்டவேண்டும். நுனி ஊசிபோல் மெலிந்தால் முதற்சாலிலேயே மடங்கிவிடும். நமது சரளை நிலத்துக்குச் சற்றுத் தடித்த நுனியே உழைக்கும். டிராக்டர்க் கலப்பையின் தேய்ந்த கொழுக்களையும் இவ்வாறே நீட்டலாம். அவை எஃகாதலால் அடித்தபின் துவைச்சல் இடவேண்டும்.

மூன்றாவது, வில்பட்டைத் துண்டிலிருந்து களைக்கொத்து செய்தல். பட்டையைச் செந்நிறத்தில் வெட்டிரும்பால் வெட்டி, ஒரு முனையை மெல்லிதாக விரித்து இலையாக்கி, மறுமுனையைக் காம்புக்காக நீட்டி வளைக்கவேண்டும். இலையின் வாய் ஒரு நாணயத்தின் கனத்தில் இருக்கும்போதே அடிப்பதை நிறுத்திவிட்டு, துவைச்சலுக்குப் பின் சாணைக்கல்லில் கூராக்கவேண்டும். கதிரரிவாளும் மண்வெட்டிக்கு எஃகு பொருத்துவதும் இவற்றுக்குப் பின் வருபவை. அவற்றைத் தேர்ந்த கொல்லரிடம் அருகிருந்து கற்பதே தகும்.

துவைச்சல்

கருவியின் ஆயுள் துவைச்சலில் இருக்கிறது. எஃகைக் காய்ச்சித் திடீரென ஆற்றினால் அது கண்ணாடிபோல் கடினமாகும்; ஆனால் உடனே உடையவும் கூடும். அக்கடினத்தைச் சிறிது தளர்த்தினாலே கருவி வயலில் நிற்கும். எனவே துவைச்சல் என்பது இரண்டு படிகளைக் கொண்டது.

முதற்படியில் கருவியின் வாய்ப்பகுதியைச் சீராகக் காய்ச்சவேண்டும். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, காய்ந்த எஃகை அதனருகே காட்டவேண்டும். சுமார் 770 டிகிரிச் சூட்டில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவது நின்றுவிடும். அவ்வாறு நின்றபின் இன்னும் சிறிது காய்ச்சி, வாயை எண்ணெயில் தோய்க்கவேண்டும். வில்பட்டை எஃகை நீரில் தோய்த்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். புங்கெண்ணெயோ இலுப்பையெண்ணெயோ 4 லிட்டர் அளவில் இரும்புப் பாத்திரத்தில் இளஞ்சூடாக இருப்பது நலம். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடி அணைக்கவேண்டும். நீர் ஊற்றினால் தீ பரவும்.

இரண்டாம் படியில், தோய்த்த வாயை மணற்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, கருவியின் பின்புறத்தை நெருப்பின்மேல் காட்டவேண்டும். வாயை நோக்கி நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துவரும். முதலில் வைக்கோல் நிறம், சுமார் 225 டிகிரி. பிறகு பழுப்பு நிறம், சுமார் 255. பிறகு கத்தரிப்பூ நிறம், சுமார் 280. கடைசியில் மயில்கழுத்து நீலம், சுமார் 300. அரிவாளுக்குப் பழுப்பு நிறமும், களைக்கொத்துக்கும் கொழுவுக்கும் கத்தரிப்பூ நிறத்திலிருந்து நீலம் வரையும் உகந்தவை. உரிய நிறம் வாயை அடைந்த கணமே நீரில் தோய்த்து நிறுத்தவேண்டும். சரளை நிலத்தில் உழைக்கும் கருவிக்குக் கடினம் சற்றுக் குறைந்தாலும் உடையாமை வேண்டும். மழுங்கிய வாயைத் தீட்டிக்கொள்ளலாம். உடைந்த வாயை என் செய்வது?

எச்சரிக்கைகள்

உலைமுன் நிற்பவர் பருத்தித் துணியே உடுத்தவேண்டும். நைலான், பாலியஸ்டர்த் துணிகள் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடலாகாது. கறுத்துப்போன இரும்பும் சுடும் என்பதை மறக்கலாகாது. தரையில் கிடக்கும் எதனையும் புறங்கையை அருகே கொண்டுசென்று பார்த்த பிறகே எடுக்கவேண்டும். இரு முனையும் அடைபட்ட குழாய்களையும், வாகனங்களின் அதிர்வுதாங்கிகளையும் உலையில் இட்டால் அவை வெடிகுண்டுபோல் வெடிக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு குடம் நீரும் ஒரு கூடை மணலும் அருகில் இருக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளும் மிராசுதார்களும் செய்யத்தக்கவை

ஒரு குடும்பத்துக்கு ஓர் உலை என்பது அவசியமில்லை. ஒரு கிராமத்துக்கு ஒன்று போதும். நிலமுடையோர் நாலைந்து பேர் சேர்ந்து கொட்டகையும் அடைகல்லும் ஊதியும் வாங்கிவைத்து, கரிச்செலவை உபயோகிப்போர் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். பழைய இரும்பும் கரியும் ஆங்காங்கே தேடி அலையாமல், காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தைக்குப் போகும் வண்டியிலேயே விசாரித்து வாங்கிவர ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். புறம்போக்கு நிலத்தில் கொட்டகை போடுவதற்குமுன் ஊராட்சியினிடமும் வருவாய் அதிகாரியினிடமும் அனுமதி பெறவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது கற்பித்தல். தை முதல் பங்குனி வரை வயல்வேலை குறைந்திருக்கும் காலத்தில், ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள முதிய கொல்லர் ஒருவரை மரியாதையுடன் அழைத்து, தகுந்த ஊதியம் கொடுத்து, இளைஞர் இருவரை அவரிடம் பழகவிடவேண்டும். இத்தொழில் இன்னாருக்கே உரியது என்று ஒதுங்குவதும் ஒதுக்குவதும் தகாது. கை கொடுப்பவன் எவனும் கற்கலாம். துவைச்சலின் நிறத்தை எழுத்தால் விளக்கலாம். எந்தக் கணத்தில் தோய்ப்பது என்பதைப் பழகிய கண்ணே காட்டிக்கொடுக்கும். அக்கண் மூடிவிட்டால் அவ்வூர் அதனை மறுபடி பெறுவது கடினம்.

2025 ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாடு அரசு 25 வகைக் கைத்தொழில்களுக்குக் கடனும் மானியமும் வழங்கும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வகை உதவிகளுள் தமது பட்டறைக்குப் பொருந்துவது எது என்பதைத் தருமபுரி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து அறிந்துகொள்ளலாம். விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் அல்லாத வெட்டுக் கருவிகளைச் செய்வது 1959 ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்கு உட்படும் என்பதையும் பட்டறை நடத்துவோருக்குக் கிராம அதிகாரிகள் தெரிவித்துவைக்கவேண்டும். அரிவாள் வாங்கிச் செல்வோரின் பெயரையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது பின்னால் தொல்லையைத் தவிர்க்கும்.

அடுத்த பருவத்துக்கு முன் ஒவ்வொரு குடியானவரும் தம் கொட்டகையில் மூலையில் எறிந்துள்ள மழுங்கிய கருவிகளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பாராக. அவற்றுள் பெரும்பாலானவை தேய்ந்தவையே அன்றிக் கெட்டவையல்ல. ஒரு காய்ச்சலும் பத்து அடியும் பெற்றால் மீண்டும் வேலைக்கு வரும். சித்திரையில் கோடைமழை விழுவதற்குள் உலையைக் கட்டி உலர்த்தி, கொழுக்களை அடித்து அடுக்கிவைத்துக்கொண்ட கிராமம், மழை பெய்த மறுநாள் விடியலிலேயே ஏர் பூட்டலாம்.